அப்பாவின் நாடியும் மறதியும்: குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம்

கடிதம் எழுதியவர் 46 வயதுப் பெண். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கம். அதற்குமேல் அடையாளம் வேண்டாம். ஆறு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 73 வயது. சொந்தமாக 80 ரப்பர் மரம். இன்றைக்கும் விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர். 12 வருடமாகப் பிரஷருக்கு அட்டினலால் 50 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வருடமாக மறதி. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டவேண்டிய மரத்தை மறுநாளும் போய் வெட்டுகிறார். ரப்பர் பாலை உறையவைக்க ஆசிட் ஊற்றிவிட்டு, ஊற்றவில்லை என்று நினைத்து மறுபடியும் ஊற்றுகிறார். போன மாதம் மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் விற்றுவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ் எது என்று தெரியாமல் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். தெரிந்த கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல மக்களே" என்பதுதான் பதில்.

ஊர் வைத்தியர் நாடி பார்த்து, "கபம் ஏறி நாடி மந்தமா ஓடுது, அதான் மூளையும் மந்தம்" என்றிருக்கிறார். ஷார்ஜாவிலிருந்து தம்பி ஸ்மார்ட் வாட்ச் அனுப்பினார். அது இரண்டு மாதத்தில் நான்கு தடவை, நான்கும் இரவில், 'துடிப்பு ஒழுங்காக இல்லை' என்று எச்சரித்தது. தம்பி அதை விட்டுவிட்டு, எச்.ஆர்.வி. என்ற எண் 18, 20 என்று குறைவாக இருப்பதைப் பார்த்து, "அப்பாவுக்கு நரம்பு பலம் இல்லை" என்று காதில் மாட்டும் ஒரு மின்கருவி வாங்கச் சொல்கிறார். ஆசான் ஒருவர் கழுத்திலும் தலையிலும் 41 நாள் வர்மத் தடவல் செய்யலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஞாபகசக்திப் பொடி, அப்பாவுக்குத் தெரியாமல் காலைக் காப்பியில் கலந்து போய்க்கொண்டிருக்கிறது. "நாடியைப் பார்த்து மூளையைச் சொல்ல முடியுமா டாக்டர்? வாட்ச்சை நம்பவா, வைத்தியரை நம்பவா?" என்று முடிகிறது கடிதம்.

சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த டீ கிளாஸ்

நாலாவது பக்கத்தில், வாயுத் தொல்லையைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு முன் டீ குடித்துக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்தது, பத்து நிமிஷம் பேச்சு குழறியது, சுக்குவெள்ளம் போட்டுக் கொடுத்ததும் சரியாகிவிட்டது என்று. சுக்குவெள்ளம் கொடுத்திராவிட்டாலும் அது சரியாகியிருக்கும். அது வாயு இல்லை. மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் அடைபட்டுத் திறந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தற்காலிகப் பக்கவாதம் என்போம்; மினி ஸ்ட்ரோக் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போனால் சந்தேகம் இடது மூளைமேல்தான் விழும்.

இதையும் வாட்ச்சின் நான்கு எச்சரிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும் ஒரு நிலை உண்டு. ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்று பெயர். வயதானவர்களிடம் அதிகம். சிலருக்குப் படபடக்கும், பலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு விட்டுவிட்டு வருவதால், மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் நாடி நன்றாகவே இருக்கலாம். மேலறை நடுங்கும்போது அங்கே ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த துணுக்கு கிளம்பினால் அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் மூளை. இந்த நிலை உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. பெரிய அடைப்பு வராவிட்டாலும், வெளியே தெரியாத சின்னச் சின்ன அடைப்புகள் சேர்ந்து ஞாபகத்தைக் கெடுக்கும்.

உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் இதுதானா என்று பார்ப்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளக்கூடாது. இந்தப் பதில் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று உங்களுக்குத் தகவல் அனுப்பும்படி, இதை வெளியிடுகிறவர்களிடம் கேட்டுக்கொண்டேன். கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் இருக்கும் வேறு மருத்துவமனைக்கோ போங்கள். ஒரு ஈ.சி.ஜி., அது ஒழுங்காக இருந்தால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டிவைக்கும் ஹோல்டர் பதிவு, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன், மூளைக்கு ஸ்கேன். ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்று உறுதியானால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தருவார்கள். அதற்கு ஆஸ்பிரின் மாற்று ஆகாது. ஸ்கேன் பார்க்குமுன் கடையில் ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூளையில் கசிவு ஏதும் இருந்தால் அது எண்ணெய் ஊற்றிய கதை ஆகிவிடும்.

இன்னொரு முறை முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குலசேகரத்திலிருந்து ஆசாரிபள்ளம் வந்து சேரவே எப்படியும் ஒரு மணி நேரம் போய்விடும். சரியாகிறதா என்று உட்கார்ந்து பார்க்க நேரம் கிடையாது.

'நாடி நரம்பு' என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம்

இப்போது உங்கள் கேள்வி. நம் பேச்சில் நரம்பு என்ற சொல்லுக்கு ரொம்ப வேலை. கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவது நரம்பு. அதில் போடுவது நரம்பு ஊசி. மூளையிலிருந்து வருவதும் நரம்பு. கால் சுளுக்கினால் பிசகுவதும் நரம்பு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், கால் வீக்கத்துக்கும் புடைத்த ரத்தக்குழாய்க்கும் 'நரம்பு டாக்டரை'த் தேடி வந்தவர்கள்தான். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் 'நாடி மந்தம், அதனால் நரம்பு மந்தம், அதனால் மூளை மந்தம்' என்ற சங்கிலி உருவாகிறது.

மணிக்கட்டில் விரலுக்குத் தட்டுப்படுவது ரத்தக்குழாயின் சுவர். இதயம் ஒருமுறை சுருங்கியதும் அந்த அதிர்வு சுவர் வழியே அலையாக ஓடி வருகிறது. ரத்தம் நகரும் வேகத்தைவிட இந்த அலை பல மடங்கு வேகம். இளவயதில் நொடிக்கு 5 முதல் 7 மீட்டர்; குழாய் விறைத்துப்போனால் 10 மீட்டருக்கும் மேலே.

இதில் நரம்புக்குப் பங்கு இல்லையா? உண்டு. இதயம் தானாகத் துடிக்கும். அதை அதன்போக்கில் விட்டால் நிமிஷத்துக்கு 100 தடவை துடிக்கும். மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் என்ற நரம்பு அதைக் கடிவாளம் போட்டு 60, 70க்கு இழுத்து வைக்கிறது. பயந்தாலோ மலை ஏறினாலோ இன்னொரு கூட்டம் நரம்புகள் முடுக்கிவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். உங்கள் பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பாருங்கள், சின்ன வயதில் நன்றாகவே தெரியும்.

ஆக, நாடியில் நரம்பு மண்டலத்தின் கைரேகை இருக்கிறது. அது இதயத்தை ஓட்டும் பிரிவின் கைரேகை. மரத்தை வெட்டினோமா இல்லையா என்று நினைவில் வைக்கும் பகுதி வேறு. அதன் நிலை மணிக்கட்டில் எழுதியிருக்காது. மறதி நோயை நாடி பார்த்து யாரும் உறுதிப்படுத்த முடியாது. நானும் முடியாது.

அப்படியென்றால் வைத்தியர் உணர்ந்த மந்தம்? அவர் விரல் பொய் சொல்லவில்லை. நாடி மெதுவாகத்தான் ஓடியிருக்கும். அட்டினலாலின் வேலையே அதுதான், துடிப்பைக் குறைப்பது. அந்த மாத்திரையைப் பற்றி அவர் கேட்டாரா, நீங்கள் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. அதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பிரஷரும் துடிப்பும் எகிறும். இந்த வயதில் பிரஷருக்கு முதல் மாத்திரையாக அதை இப்போது அவ்வளவாகத் தருவதில்லை. மாற்றலாமா, துடிப்பைக் கட்டுப்படுத்த அதுவே இருக்கட்டுமா என்பது ஈ.சி.ஜி. பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

நாடிக்கும் மூளைக்கும் உண்மையான தொடர்பு வேறொரு இடத்தில், நீங்கள் எழுதிய பிரஷர் கணக்கிலேயே இருக்கிறது. 168/72. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 96. சாதாரணமாக 40 ஒட்டி இருக்கும். பெரிய ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி விரிந்து கொடுத்து ஒவ்வொரு துடிப்பின் அடியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ரப்பர் காய்ந்து விறைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்காத அடி நேரே மூளையின் மயிரிழைக் குழாய்களில் போய் விழுகிறது. உடம்பின் எடையில் மூளை 2 சதவீதம்தான். இதயம் தள்ளும் ரத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் அதற்கே போகிறது. அடியும் அங்கே அதிகம். அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களிடம், 140க்குக் கீழே வைத்தவர்களைவிட ஆரம்பநிலை மறதி 19 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் அப்பாவுக்கும் 120 என்று நான் சொல்லவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறவருக்கு அது ஆபத்து. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வாட்ச்சில் எதை எடுப்பது, எதை விடுவது

வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை வெளிச்சம், தோலுக்குக் கீழே ரத்தம் வந்து போவதை அளக்கிறது. வார் தளர்ந்தாலோ கை அசைந்தாலோ தப்பாகக் கணக்குப் போடும். ஆனால் தூக்கத்தில், கை அசையாமல் இருக்கும்போது நான்கு முறை எச்சரித்திருக்கிறது என்றால் அதை உதறிவிட முடியாது. ஈ.சி.ஜி. எடுக்க அது போதுமான காரணம். மாத்திரை தொடங்க அது போதாது.

தம்பி எச்.ஆர்.வி.யைப் பிடித்துக்கொண்டு அலைகிறார். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதுதான் அது. வயதானால் எல்லோருக்கும் குறையும். 73 வயதில் 20 என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நீங்கள் அனுப்பிய படங்களில் வேறொன்று கண்ணில் பட்டது. நான்கு இரவுகளில் மட்டும் அந்த எண் 90, 110 என்று ஏறியிருக்கிறது. "அன்னைக்கெல்லாம் நரம்பு நல்லா வேலை செய்யுது பாரு" என்று தம்பி சந்தோஷப்பட்டாராம். தேதியைப் பாருங்கள்: எச்சரிக்கை வந்த அதே நான்கு இரவுகள். துடிப்பு தாறுமாறாகப் போனால் இடைவெளியும் தாறுமாறாகும். வாட்ச் அதை 'அதிக மாறுபாடு' என்று எண்ணி நல்ல மதிப்பெண் போட்டுவிடும். தம்பி கொண்டாடிய இரவுகளைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன்.

காதில் மாட்டும் கருவி வேண்டாம். வேகஸ் நரம்பைத் தூண்டும் சிகிச்சை கற்பனை இல்லை. நெஞ்சுக்குள் பொருத்தும் கருவிக்கு 1997இலேயே அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக அனுமதி கொடுத்தார்கள். மறதிக்கு என்று இணையத்தில் விற்கும் கிளிப் வேறு சரக்கு. துடிப்பில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் மனிதருக்கு அதை மாட்டிச் சோதிக்கக் கூடாது. அந்தப் பணத்தில் மேல்கையில் பட்டை கட்டும் ஒரு பிரஷர் மெஷின் வாங்குங்கள்.

இதற்கிடையில் நீங்களே நாடி பார்க்கலாம். அப்பா ஐந்து நிமிஷம் உட்கார்ந்தபின், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் மூன்று விரலையும் வையுங்கள், வைத்தியர் வைப்பது போலவே. உங்கள் கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே உங்களை ஏமாற்றும். முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள்; 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் வேலை இங்கே சரிப்படாது. காலால் தாளம் போட்டுக்கொண்டே எண்ணுங்கள். தாளம் போட முடிகிறதா, முடியவில்லையா? அதுதான் முக்கியம். எண்ணையும் அதையும் நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள்.

ஆசானிடம் போகலாமா?

நம் மாவட்டத்தில் பிறந்து வர்மத்தை ஏளனம் செய்கிறவன் நான் இல்லை. மரத்திலிருந்து விழுந்த என் பாட்டாவை ஓர் ஆசான் தடவித்தான் நடக்க வைத்தார். ஆனால் உங்கள் அப்பாவின் கழுத்தை இப்போது யாரும் அழுத்தக் கூடாது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிற இடத்தில், அழுத்தினால் நாடியைச் சட்டென்று மந்தமாக்கும் உணர்விடம் ஒன்று இருக்கிறது. முதியவர் அப்படியே மயங்கி விழலாம். குழாயின் உள்ளே கொழுப்புப் படிவு இருந்தால், அது பெயர்ந்து மூளைக்கே போகலாம். ஆசானிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: கை தளர்ந்து பேச்சு குழறியது, பிரஷர் இருக்கிறது என்று. விஷயம் தெரிந்த ஆசான் அவரே கையை எடுத்துவிடுவார். கை, காலுக்கு மெதுவாக எண்ணெய் தேய்ப்பதில் தடையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடங்கியபின் அழுத்தித் தடவுவதும் கூடாது, உள்ளே ரத்தம் கட்டும். சித்த மருத்துவம் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது; சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையோடு போங்கள்.

மறதிக்கு வேறு காரணமும் இருக்கலாம்

வயதானால் மறதி சகஜம் என்று நீங்கள் எழுதியதை ஒத்துக்கொள்ள முடியாது. சாவியை எங்கே வைத்தோம் என்பது சகஜம். ஐம்பது வருடம் ஏறிய பஸ் தெரியாமல் நிற்பது சகஜம் இல்லை. அதேசமயம், இது குணமாகாத நோய் என்று இப்போதே அழவும் வேண்டாம். பி12 குறைவு, தைராய்டு, உப்புச்சத்து குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சில சளி மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல. ரத்தப் பரிசோதனைக்கு எழுதும்போது இவற்றையும் கேளுங்கள். தைராய்டு அதிகமானால் நாடியும் தாறுமாறாகும் என்பதால் அது இரட்டைக் காரணம்.

டி.வி. சத்தத்தை அதிகமாக வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். காது பரிசோதனையும் செய்யுங்கள். 2024இல் லான்செட் குழு, தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடிய மறதி நோய்க் காரணங்கள் என்று 14ஐப் பட்டியலிட்டது. உயர் ரத்த அழுத்தத்தோடு காது கேளாமையும் அதில் உண்டு. ஞாபகசக்திச் சோதனை செய்யும்போது அப்பா எத்தனாவது வரை படித்தார் என்பதைச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்போடு ரப்பர் தோட்டத்துக்குப் போனவரை, பட்டதாரிக்கு வைக்கும் அளவுகோலால் அளந்தால் இல்லாத நோய் தெரியும்.

காப்பியில் கலந்த பொடி

நாளைக்கே நிறுத்துங்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு சில மூலிகைகள் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும். சிலவற்றால் மாத்திரை வேலையே செய்யாமல் போகும்.

அதைவிட எனக்கு உறுத்துவது, அவருக்குத் தெரியாமல் செய்வது. மறதி வந்துவிட்டதாலேயே ஒருவருடைய சம்மதம் தேவையற்றுப் போய்விடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்கூட, விஷயத்தைப் புரிந்துகொண்டு, விளைவை உணர்ந்து, விருப்பத்தைச் சொல்ல முடிகிற எவருக்கும் தன் சிகிச்சையை முடிவு செய்யும் தகுதி உண்டு என்கிறது. பின்னால் தன்னால் முடியாமல் போனால் யார் தன் சார்பில் பேசுவது என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இப்போதே அவர் ஒருவரை நியமிக்கலாம். எப்படியும் ஒருநாள் காப்பியின் ருசி மாறியது அவருக்குத் தெரியத்தான் போகிறது. நாளும் மாத்திரை சாப்பிட வேண்டிய மனிதர் உங்கள் கையை நம்பாமல் போனால் அப்புறம் எந்த மருந்தும் இறங்காது.

'மறதிக்கு டாக்டரைப் பார்க்கலாம்' என்றால் வரமாட்டார். "அப்பா, அன்றைக்கு கை தளர்ந்து கிளாஸ் விழுந்துதே, அதுக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்துட்டு வந்திருவோம்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. பால் வெட்டும் கை என்பதால் கையைப் பற்றிச் சொன்னால் வருவார் என்றுதான் நினைக்கிறேன். வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளும், அந்தப் பொடி டப்பாவும், நீங்கள் எண்ணி எழுதிய நாடிக் கணக்கும், அந்த நான்கு இரவுகளின் வாட்ச் படங்களும் பையில் இருக்கட்டும். வாட்ச்சைச் சார்ஜ் போட்டுக் கையிலேயே கட்டிவிடுங்கள்.